அலைச்சலுக்குத்தான் கூலி

கன்சல்டன்சி வைத்து முன்னுக்கு வருவது எப்படி என்று மேடையேறிச் சொல்லித் தருகிறவர்கள் எல்லாரும் ஒரே பாட்டைத்தான் பாடுகிறார்கள். பார்ட்டியின் பிரச்சினையைத் தீர்த்து வை, பணம் உன்னைத் தேடி வரும். இவர்களில் ஒருத்தரையாவது ராயபுரத்துக்குக் கூட்டிவந்து, காசிமேட்டுப் பக்கம் துறைமுகத்தின் ஜீரோ கேட்டுக்காகக் காத்து நிற்கும் டிரெய்லர் வரிசையைத் தாண்டவைத்து, என் மேசைக்கு எதிரில் ஒரு நாள் பூராவும் உட்காரவைக்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை. பிரச்சினையை நான் தீர்த்துக் கொடுத்துவிடுவேன். பணம் மட்டும் எர்ணாவூர்ப் பக்கம் எங்கோ டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டிருக்கும்.

சுங்க விஷயத்தில் யோசனை சொல்வது என் தொழில். அதற்கு முன்னால் லிங்கிச் செட்டி தெருவில் ஒரு கிளியரிங் ஏஜென்ட்டிடம் வேலை பார்த்தேன். ஏஜென்ட்டின் ஆட்களுக்குச் சுங்கத்துறை கொடுக்கும் ஹெச் கார்டில் ஆரம்பித்து, பரீட்சை எழுதி ஜி கார்டு வாங்கி, ராஜாஜி சாலையில் இருக்கிற கஸ்டம்ஸ் ஹவுஸின் படிகளைத் தேய்த்தவன். இப்போது பில் ஆஃப் என்ட்ரி, அதாவது இறக்குமதிச் சரக்கின் விவரப் பத்திரம், போடுவது என் வேலை இல்லை. அதை ஏஜென்ட் போடுவார். எந்தச் சரக்கு எந்த எண்ணில் விழும், எந்தச் சலுகை செல்லும், எந்தச் சான்றிதழ் இல்லாமல் கப்பலேற்றினால் தலையில் துண்டு விழும், கூடுதலாகக் கட்டிய வரியை எந்த வழியில் திரும்பக் கேட்பது என்பதெல்லாம் என் பாடு. கேட்கப் பெரிய உத்தியோகம் மாதிரி இருக்கும். வரவு செலவு நோட்டைப் பார்த்தால் வீட்டுக்காரம்மா சிரிக்கிறாள்.

திருவொற்றியூர்–மணலி பக்கம் பட்டறை வைத்திருக்கும் முதலாளி ஒருவர். பம்ப் ரிப்பேரும் பண்ணுவார், உதிரி பாகமும் விற்பார். தங்கமான மனுஷன். சீனாவிலிருந்து இரண்டு பெட்டி பாகம் வரவழைத்திருந்தார். கன்டெய்னர் இறக்கிவைக்கிற சிஎஃப்எஸ்ஸில் சரக்கு இறங்கி, பில் போட்டு, கொரி, அதாவது அதிகாரியின் கேள்வி, விழுந்து நின்றுவிட்டது. என்னிடம் வந்தவர் சொன்ன பிரச்சினை ஒரே வரி: “சரக்கு வெளிய வரணும் சார்.” என்ன கொரி என்று கேட்டால் தெரியாது. இன்வாய்ஸைக் கேட்டால் போனில் தேடுகிறார்.

வாங்கிப் பார்த்தேன். சப்ளையர் எல்லாவற்றையும் வாரிப்போட்டு ‘பம்ப் பாகங்கள்’ என்று ஒரே வரியில் எழுதி, 8413 என்று எண்ணும் போட்டுவிட்டிருந்தான். பெட்டிக்குள் இருந்தது மூன்று சாதி. இம்பெல்லர் பம்ப்பின் பாகம்தான், 8413இல் நிற்கும். மெக்கானிக்கல் சீலுக்குத் தனி இடம் இருக்கிறது, அது 8484. ரப்பர் ஓ-ரிங் பம்ப்புக்குள்ளேயே குடியிருந்தாலும் அது ரப்பர் சாமான்தான், 4016. இது என் கண்டுபிடிப்பு இல்லை. சுங்க வரி அட்டவணையில் 16ஆம் பிரிவுக்கு முன்னால் போட்டிருக்கிற முதல் குறிப்பிலேயே, இயந்திரத்துக்குப் பயன்படும் ரப்பர் சாமான் இந்தப் பிரிவில் வராது என்று எழுதியிருக்கிறது. ஆனால் அந்தக் குறிப்பை யார் படிக்கிறார்கள்? எண்ணை கூகுளில் தேடுகிறார்கள், அல்லது போன தடவை போட்டதையே போடுகிறார்கள். எண் மாறினால் வரியும் மாறும், சலுகையும் மாறும், சமயத்தில் லைசென்ஸ் நிபந்தனைகூட மாறும்.

நான் இதை விளக்கிக்கொண்டிருக்கும்போது அவர் கவனம் முழுக்க வேறு இடத்தில். “அந்த ஆபீசர் எந்த ஃப்ளோர் சார்?”

“அவர் இந்த ஊர்லயே இல்லைங்க.”

“லீவா?”

“இல்லைங்க, வேற ஊர்ல உட்கார்ந்துக்கிட்டு பார்க்கிறார். எந்த ஊர்னு நமக்குத் தெரியாது.”

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுக் கேட்டார்: “அப்ப அந்த ஊர்ல உங்களுக்கு ஆள் இருக்கா?”

2020 ஜூன் 8ஆம் தேதி நாட்டிலேயே முதலாவதாகச் சென்னையிலும் பெங்களூரிலும்தான் இந்த முகமறியா மதிப்பீட்டை ஆரம்பித்தார்கள். முதலில் 84, 85ஆம் அத்தியாயச் சரக்குகளுக்கு, அதாவது இந்த முதலாளி கொண்டுவருகிற மாதிரி இயந்திர, மின் சாமான்களுக்கு. அந்த வருஷம் அக்டோபர் முடிவதற்குள் நாடு முழுக்க வந்துவிட்டது. பில்லை கம்ப்யூட்டர் எந்த ஊர் அதிகாரிக்கு ஒதுக்கும் என்று ஏஜென்ட்டுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. கேள்வி போர்ட்டலில் வரும், பதிலும் போர்ட்டலில் போக வேண்டும். சரக்கைப் பிரித்துப் பார்ப்பது மட்டும் உள்ளூரில் நடக்கும். சட்டம் தெரிந்து எழுதிய நாலு வரிதான் இங்கே செல்லுபடி. எனக்கு இது பொற்காலமாக அல்லவா இருக்க வேண்டும்?

நடந்தது தலைகீழ். அந்தக் காலத்தில் நான் ஃபைலைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு மேசை மேசையாக, மாடி மாடியாக ஏறி இறங்குவேன். பார்ட்டியும் சில நாள் கூடவே வருவார். வியர்வையைப் பார்ப்பார். சாயங்காலம் வாசலில் நின்று டீ குடிக்கும்போது, “பாவம் சார் நீங்க, காலைலேர்ந்து அலையறீங்க” என்று சொல்லி, கேட்டதற்கு மேலேயே கொடுத்தவர்கள் உண்டு. ஓடிய கிலோமீட்டருக்குக் கொடுத்தார்கள். இப்போது நாற்காலியில் உட்கார்ந்து அறிவிக்கை அறிவிக்கையாகப் புரட்டி, பழைய தீர்ப்பு இரண்டைத் தோண்டி எடுத்து, அரைப் பக்கத்தில் பதில் எழுதுகிறேன். கொரி விலகுகிறது. சரக்கு வெளியே வருகிறது. என் ஃபீஸுக்கு பில்லை அனுப்பினால் போன் வருகிறது: “ரெண்டு வரி மெயில் போட்டதுக்கா சார் இவ்ளோ?”

எழுதியது ஏன் அரைப் பக்கம் என்று யாரிடம் போய்ச் சொல்வது? நாலு பக்கம் எழுதியிருந்தால் இன்னும் இரண்டு கேள்வி வந்திருக்கும்.

பம்ப் முதலாளிக்குச் செய்துகொடுத்தது இவ்வளவுதான். மூன்று சாமானையும் மூன்று எண்ணில் பிரித்து, வித்தியாச வரியைக் கட்டவைத்து, அடுத்த ஆர்டரிலிருந்து சப்ளையர் இன்வாய்ஸிலேயே தனித்தனி வரியாக எழுதித்தர வேண்டும் என்று ஆங்கிலத்தில் ஒரு கடிதமும் தயார் பண்ணிக் கொடுத்தேன். என் வேலையில் விலையுள்ள பகுதி அந்தக் கடிதம்தான். அதை அவர் அனுப்பவே இல்லை. அடுத்த சரக்கும் அதே ‘பம்ப் பாகங்கள்’ என்று வந்து, அதே மாதிரி நின்றது. “போன தடவை முடிச்சீங்களே சார், அதே மாதிரி முடிச்சுடுங்க. ரேட்டு மட்டும் பார்த்துப் போடுங்க, பழைய பார்ட்டி.”

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். இந்த முதலாளிகள் கஞ்சர்கள் இல்லை. இந்த ஊரின் வரலாறே கையால் செய்து பார்த்தவர்களின் வரலாறு. 1946இல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பொம்மை பலூன் செய்ய ஆரம்பித்ததுதான் பின்னால் எம்ஆர்எஃப் ஆனது. 1955இல் என்ஃபீல்டு வந்தது. எண்ணூரில் லேலண்ட். இவற்றைச் சுற்றி லேத்தும் மில்லிங்குமாக முளைத்த பட்டறைகளில் வேலை கற்று, சொந்தமாக மெஷின் போட்டவர்களும் அவர்களின் பிள்ளைகளும்தான் இன்றைக்கு எனக்குப் பார்ட்டிகள். மெஷின் ஓடுகிற சத்தத்தைக் கேட்டே எந்த பேரிங் போயிற்று என்று சொல்லிவிடுவார்கள். ராத்திரி ஃபிட்டரைக் கூப்பிட்டால் பிரியாணி வாங்கிக் கொடுத்து, கையில் இருக்கிறதை எண்ணாமல் கொடுப்பார்கள். கையில் கிரீஸ் ஒட்டினால் வேலை என்று ஒத்துக்கொள்கிறார்கள். என் விரலில் அதிகபட்சம் ஜெல் பேனா மைதான் ஒட்டுகிறது.

அரசாங்கத்துக்குத் தண்டம் அழுவதிலும் அவர்களுக்குச் சங்கடம் இல்லை என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. 2021இல் சுங்கச் சட்டத்தைத் திருத்தினார்கள். பொதுவாக, கப்பல் வந்து சேர்கிற நாளுக்கு முந்தின நாளுக்குள் பில் ஆஃப் என்ட்ரி போட்டாக வேண்டும். தவறினால் முதல் மூன்று நாளைக்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாய், அதற்குமேல் நாளொன்றுக்கு 10,000. இதைத் தவிர சிஎஃப்எஸ் வாடகை தனி, கன்டெய்னரைத் திருப்பித் தரத் தாமதமானதற்குக் கப்பல் கம்பெனிக்காரன் போடும் டிடென்ஷன் தனி. அது டாலர் கணக்கு. இலவச நாள் முடிந்த மறு நிமிஷம் மீட்டர் ஓட ஆரம்பிக்கும், நாளாக நாளாக ரேட்டும் ஏறும். இதையெல்லாம் முணுமுணுக்காமல் கட்டுகிறார்கள். ரசீது வருகிறதாம். “உங்களுக்கு ரசீது நான் தரமாட்டேனா?” என்று கேட்டால், “நீங்க நம்ம ஆளு சார்” என்கிறார்கள். நம்ம ஆளாக இருப்பதைப்போல நஷ்டம் தருகிற உறவு இந்த உலகத்தில் வேறு இல்லை.

ஆர்டர் போடும்போது கேட்காமல், சரக்கு வந்து நின்ற பிறகு ஓடிவருகிறவர்கள் நிறைய. அவர்களில் ஒரு பையன் பாரீஸ் கார்னரில் பொம்மைக் கடை வைத்திருக்கிறான், என்னை அங்கிள் என்பான். “அங்கிள், ஒரு கன்டெய்னர் வந்திருக்கு, பிஐஎஸ் கேட்கிறாங்க, அதை இங்கயே வாங்கிக்கலாமா?” வயிறு கலங்கிவிட்டது எனக்கு. பொம்மைகளுக்கு பிஐஎஸ் தருகிற ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம் என்பது 2021 ஜனவரி 1ஆம் தேதியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. வெளிநாட்டில் அந்தப் பொம்மையைச் செய்கிற தொழிற்சாலைக்குத்தான் பிஐஎஸ் லைசென்ஸ் இருக்க வேண்டும். இறக்கிவிட்ட சரக்குக்குப் பிற்பாடு போய் முத்திரை வாங்கிவர இது ஓட்டலில் கேட்கும் எக்ஸ்ட்ரா சட்னியா? திருப்பி அனுப்பு, இல்லையென்றால் அழி. இரண்டுக்கும் செலவு அவன் தலையில்தான். ஆர்டர் போடுவதற்கு முன்னால் என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தால், வேண்டாம் என்று ஒற்றை வார்த்தையில் முடிந்திருக்கும். ஆனால் அந்த ஒற்றை வார்த்தைக்கு 3,000 ரூபாய் கேட்டிருப்பேன், அவன் கொடுத்திருக்க மாட்டான். போதாததற்கு, “நெகட்டிவா பேசறார்” என்று நாலு பேரிடம் சொல்லியும் இருப்பான்.

வராமல் போன நஷ்டத்துக்கு எவன் பில் கட்டுவான்? என் தொழிலின் மொத்த வயிற்றெரிச்சலும் இந்தக் கேள்வியில் அடங்கிவிடும்.

ஆசியான் நாட்டிலிருந்து வருகிற சரக்குக்கு வரிச்சலுகை உண்டென்று சான்றிதழைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். 2020 செப்டம்பர் 21 முதல் அந்தக் காகிதம் மட்டும் போதாது. அந்தச் சரக்கு உண்மையிலேயே அங்கே உருவானதுதானா, 35 சதவீத மதிப்பு அங்கே சேர்ந்ததா என்கிற விவரத்தை இறக்குமதி செய்கிறவரும் கையில் வைத்திருக்க வேண்டும். சப்ளையரிடம் கேட்டு வாங்குங்கள் என்றால், “அவன் கோச்சுக்குவான் சார்” என்பார்கள். கேட்காமல் விட்டால் அதிகாரி கோபித்துக்கொள்வாரே, அது பரவாயில்லையா? மேலே போவோம்.

கூடுதலாகக் கட்டிய வரியைத் திரும்ப வாங்குகிற விவகாரம்தான் எனக்கு ரத்தக் கொதிப்பை ஏற்றுகிறது. ஒருவருக்குச் சலுகை உண்டு, அது தெரியாமல் முழு வரி கட்டிவிட்டார். ஆடிட்டர் எப்போதோ கணக்கைப் பார்க்கும்போது கண்டுபிடித்துச் சொல்கிறார். அதற்கப்புறம் தீபாவளி, பொங்கல், மகள் கல்யாணம் எல்லாம் முடித்துவிட்டு நிதானமாக என்னிடம் வருகிறார். சட்டத்தின் 27ஆம் பிரிவில் பணத்தைத் திரும்பக் கேட்க ஒரு வருஷக் கெடு. அதுவாவது பரவாயில்லை. 2019 செப்டம்பரில் ஐடிசி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: மதிப்பீட்டை மாற்றாமல் பணத்தை மட்டும் திரும்பக் கேட்க முடியாது. முதலில் அந்த பில்லைத் திருத்த வேண்டும், அல்லது மேல்முறையீடு போய் ஜெயிக்க வேண்டும். மேல்முறையீட்டுக்கு 60 நாள், தக்க காரணம் இருந்தால் இன்னும் 30 நாள். அதோடு கதவு சாத்தப்படும். இதைச் சொன்னால் என்னையே ஒரு மாதிரி பார்க்கிறார்கள். அந்தக் கெடுவை நான் வைத்த மாதிரி. “நீங்க நெனச்சா முடியும் சார்” என்று கையைப் பிடிக்கிறார்கள். நான் நினைத்து மாறுவதாக இருந்தால் நாடாளுமன்றம் எதற்கு?

போன் சங்கதிக்கு வருகிறேன். “சும்மா ஒரு டவுட்டு சார், ஒரே நிமிஷம்” என்று ஆரம்பித்தால் என் இரவுச் சாப்பாடு ஆறிவிடும் என்று அர்த்தம். வாட்ஸ்அப்பில் ஒரு பொருளின் புகைப்படம் வரும், கீழே “ஹெச்எஸ் கோடு?” என்று இரண்டே சொல். அது பித்தளையா பிளாஸ்டிக்கா, தண்ணீருக்கா காற்றுக்கா, தனியாக விற்பதா இன்னொன்றில் பொருத்துவதா, ஒன்றும் தெரியாது. தண்டையார்பேட்டையில் ஒரு கல்யாணப் பந்தியில் எதிர்வரிசையில் இருந்தவர் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே வால்வு எந்த எண் என்று கேட்டார். 8481 என்றேன். பாயசம் வருவதற்குள் அவருடைய மைத்துனரும் கேட்டார். பக்கத்து இலையில் ஒரு பல் டாக்டர் நிம்மதியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பந்தியில் யாரும் அவரிடம் வாயைத் திறந்து காட்டவில்லை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்ததே, எண்ணூர்க்காரர்கள் மறக்க முடியாத புயல். வெள்ளத்தோடு எண்ணெயும் வந்து வீட்டுச் சுவர்களில் கறையாகப் படிந்தது. அந்தச் சமயத்தில் காகித ரீல் கொண்டுவந்த ஒருவருக்கு இரட்டை அடி. பாதிச் சரக்கு அவருடைய சொந்த கோடவுனில் நனைந்தது, மீதி சுங்க அனுமதி முடியாமல் சிஎஃப்எஸ்ஸில் நனைந்தது. அவர் இரண்டையும் ஒரே நஷ்டமாகப் பார்த்தார். சட்டம் அப்படிப் பார்க்காது. அனுமதி வாங்கி வெளியே எடுத்துப்போன சரக்கு நனைந்தால் இன்ஷூரன்ஸ்காரனைத்தான் கேட்க வேண்டும். அனுமதிக்கு முன்னாலேயே அழிந்தது என்றால் 23ஆம் பிரிவில் அந்தச் சரக்குக்கான வரியைத் தள்ளுபடி கேட்கலாம். சர்வேயரை அழைத்து, நனைந்த ரீல்களைப் படம் எடுக்கவைத்து, நம்பர் வாரியாகப் பட்டியல் போட்டு, மனு எழுதிக் கொடுத்தேன். தள்ளுபடி கிடைத்தது.

மனுஷன் கண்ணில் தண்ணீர். “வடிவுடையம்மன் கண்ணைத் தொறந்துட்டா சார்!” நேரே திருவொற்றியூர் கோயிலுக்குப் போய் அம்மனுக்கு அபிஷேகம், பட்டுப்புடவை. எனக்குப் பிரசாதமும் ஒரு தேங்காய் மூடியும் வந்தன. அம்மன்மீது எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, நானும் வெள்ளிக்கிழமை போகிறவன்தான். ஆனால் 23ஆம் பிரிவு அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று மட்டும் அவரிடம் கேட்க ஆசையாக இருந்தது. ஃபீஸில் பாதி அப்புறம் வந்தது, மீதிப் பாதி ‘அடுத்த சரக்கில் சேர்த்து’ என்று நிற்கிறது.

பச்சையப்ப முதலியாரைச் சொல்லி என்னைத் தேற்றப் பார்க்கிற நண்பர் ஒருவர் இருக்கிறார். இதே சென்னைப் பட்டணத்தில் வெள்ளைக்கார வியாபாரிகளுக்குத் துபாஷியாக இருந்து, அவர்கள் சிக்கலையெல்லாம் அவிழ்த்துக் கொடுத்தே கோடீஸ்வரர் ஆனார், 1794இல் 40 வயதில் இறக்கும்போது விட்டுப்போன சொத்திலிருந்துதான் பின்னால் 1842இல் பள்ளியும் அப்புறம் கல்லூரியும் வந்தன, நீயும் வருவாய் என்பார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பச்சையப்பர் குத்தகை எடுத்தார், கடன் கொடுத்தார், வியாபாரம் பார்த்தார். வெறும் யோசனைக்குக் காசு வாங்கி அந்தச் சொத்தைச் சேர்த்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. லிங்கிச் செட்டி தெருவிலும் தம்புச் செட்டி தெருவிலும் இன்றைக்குச் செழிப்பாக இருக்கிறவர்களைப் பாருங்கள். லாரி வைத்திருப்பார்கள், கோடவுன் வைத்திருப்பார்கள், கப்பல் ஃபிரெய்ட்டில் லாபம் பார்ப்பார்கள். யோசனை அவர்களிடம் இலவச இணைப்பு. அந்த இலவசத்தோடுதான் நான் போட்டி போட வேண்டியிருக்கிறது.

இப்போது நம்ம பம்ப் முதலாளி புதிதாக ஒரு சாமான் கொண்டுவரப் போகிறார். பாதி ரப்பர், பாதி உலோகம், உள்ளே ஒரு சென்சார். மூன்று எண்ணில் எதில் போட்டாலும் சண்டை வரும். இந்தத் தடவை ஆர்டர் போடுவதற்கு முன்னாலேயே வந்து கேட்டார், அதற்கே அவருக்கு மாலை போடலாம். சரக்கு வருவதற்கு முன்னாலேயே எண்ணை உறுதிப்படுத்திக்கொள்ள அட்வான்ஸ் ரூலிங் என்று ஒன்று இருக்கிறது என்றேன். டெல்லியிலும் மும்பையிலும் அதற்கென்றே அதிகார அமைப்பு இருக்கிறது. மனுப்போட்டு மூன்று மாதத்துக்குள் தீர்ப்பு சொல்ல வேண்டும். சட்டமோ விவரமோ மாறாதவரை அது அவருக்குச் சில வருஷம் செல்லும், அதிகாரியையும் கட்டுப்படுத்தும். மனுவுக்கு அரசாங்கக் கட்டணம் 10,000 ரூபாய்.

உற்சாகமாகிவிட்டார். “சூப்பர் சார், கட்டிடலாம்.” கொஞ்சம் நிறுத்தி, “கவர்மென்ட்டுக்கு 10,000, அது சரி. உங்களுக்கு எதுக்கு சார் தனியா?”

மனு எழுத வேண்டும், அந்தச் சாமான் எப்படி வேலை செய்கிறது என்று விளக்க வேண்டும், மூன்று எண்ணில் ஏன் இதுதான் என்று வாதம் வைக்க வேண்டும், விசாரணையில் பேச வேண்டும் என்று அடுக்கினேன்.

“ஃபார்ம் ஃபில்லப்தானே? என் பொண்ணு பி.காம் படிக்குது, அது பண்ணிடும். ஏதாவது டவுட்டுன்னா உங்களுக்கு அடிக்கச் சொல்றேன்.”

அடிக்கிறது. ராத்திரி சாப்பாட்டு நேரத்தில்தான் அதற்கு காலேஜ் வேலை எல்லாம் முடியுமாம். கெட்டிக்காரப் பெண், கேட்கிற கேள்வியெல்லாம் சரியான கேள்வி, பதில் சொல்லாமல் வைக்க மனசு வரவில்லை. மனு நல்லபடியாக முடிந்தால் ஸ்கூட்டி வாங்கித் தருவதாக அப்பா சொல்லியிருக்கிறாராம்.